பற்றுச்சீட்டின் பின்புறம்

வினிபெக். மைனஸ் முப்பத்தொன்று.
சார்ஜன்ட் தெரு மருந்துக்கடை, மூன்றாம் கல்லா.
பூட்ட நாற்பது நிமிடம் இருக்கையில் வந்தாள்,
முதியோர் இல்லச் சீருடைமேல் கோட்டும்
கோட்டின்மேல் பனியுமாக.

ஆறு கார்டுகள். ஒவ்வொன்றும் ஐந்நூறு டொலர்.
பரிசு வாங்குகிறவர்கள்
வாங்கும் பொருளைப் பார்ப்பார்கள்.
இவள் கதவைப் பார்த்தாள்.

கோட்டுப் பைக்குள் சின்னதாய் ஒரு வெளிச்சம்.
துணிக்குள் யாரோ மூச்சுவிட்டார்கள்.

அழைப்பைத் துண்டிக்காதே என்றிருப்பான்.
வரி அலுவலகம் என்றிருப்பான், வாறண்ட் என்றிருப்பான்,
வேலை அனுமதியின் கடைசி நான்கு எண்ணைச்
சரியாகவே சொல்லியிருப்பான்.
கடைக்காரி கேட்டால் என்ன சொல்வது என்பதையும்.

"பிறந்தநாள்," என்றாள்,
நான் கேட்காமலே.

வாயைத் திறந்தால் பைக்குள் ஒரு காது.
"மெஷின் கொஞ்சம் மெதுவாக இருக்கிறது" என்று
தேவைக்கு மேல் சத்தமாகச் சொல்லிவிட்டு
பற்றுச்சீட்டுச் சுருளில் ஒரு முழம் கிழித்து
பின்புறம் எழுதினேன்:
எந்த அரசாங்கமும் கிஃப்ட் கார்டில் வரி வாங்காது.

படித்தாள். உதடு அசைந்தது.
என் பேனாவைப் பிடுங்கி எழுதினாள்:
மகனின் பள்ளிக்கூடம் அவருக்குத் தெரியும்.

எனக்கும் தெரியும், என்று எழுதினேன்.
பையில் தொங்கும் சாவிக்கொத்தில் இருக்கிறது.

நெடுநேரம் ஒன்றுமில்லை.
பின்னால் ஒருவர் இருமல் மருந்தோடு காத்திருந்தார்.
பிறகு, கோணல் எழுத்தில்:
ஏற்கனவே இரண்டு கொடுத்துவிட்டேன். வேறு கடையில்.

அது போனது. இது இன்னும் போகவில்லை.
முதலில் துண்டி. பிறகு பாங்க், பிறகு போலீஸ்.
நம்பர் நீயே தேடி எடு. அவன் தருவதை எடுக்காதே.

ஃபோனை வெளியே எடுத்தாள்.
"மேடம்? மேடம், இருக்கிறீர்களா?"
என்ன மரியாதையான குரல்!
இந்தக் கல்லாவில் ஆறு வருடம் நின்றும்
என்னை ஒருவரும் அப்படி அழைத்ததில்லை.
சிவப்பு வட்டத்தை அழுத்தினாள்.
குளிரில் விறைத்த விரலைத் திரை மதிக்கவில்லை.
ஊதி ஊதி, தொடையில் தேய்த்து,
மூன்றாம் தரம்தான் அவன் போனான்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பயிற்சி கொடுத்தார்கள்," என்றேன்.

பொய்.
ஓகஸ்டில், துணி காயும் பேஸ்மென்ட் மூலையில்,
வீட்டிலிருந்தே வேலை, ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம்.
முதல் வாரம் முப்பது டொலர் வந்தது, உண்மையாகவே வந்தது.
தூண்டிலில் புழு பொய்யில்லை,
மீனுக்கு அது நல்ல சாப்பாடுதான்.
பிறகு முற்பணம். முற்பணத்தை விடுவிக்க இன்னொரு பணம்.
ஆயிரத்துத் தொளாயிரம்.
குலேந்திரன் கேட்டபோது
சீட்டில் கிடக்கிறது என்றேன்.

"வீட்டில் யாருக்கும் சொல்லாதீங்க, சிஸ்டர்."
அவன் கடைசியாகச் சொன்னது அது.
பணத்தோடு எப்போதோ போய்விட்டான்,
நம்பரும் இல்லை, முகமும் இல்லை.
நான்தான் ஐந்து மாதமாக
அவன் சொல் தட்டாமல் நடக்கிறேன்.

அவள் கார்டுகளை ஒவ்வொன்றாகக்
கொக்கியில் திரும்ப மாட்டினாள்.
நான் செய்கிறேன் என்றும் கேட்கவில்லை.
அந்த ஒரு முழத்தை மட்டும் மடித்துக்
கையுறைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.
நன்றி சொல்லவில்லை.
வெட்கப்படுகிறவர்களுக்கு அதற்கு நேரம் இருக்காது,
எனக்குத் தெரியாதா?

இருமல் மருந்து. ஏழு டொலர் தொண்ணூறு சதம்.
விளக்கு. ஷட்டர்.

வெளியே காரைச் சூடேற்றி வைத்திருந்தார்.
கண்ணாடியில் அவர் சுரண்டிய வட்டம்
ஒரு முகம் அளவு.
"ஏன் இவ்வளவு நேரம்?"

பெல்ட்டைப் போட்டேன். கழற்றினேன்.
"அந்த ஹீட்டரைக் கொஞ்சம் குறையுங்கோ," என்றேன்,
"நான் சொல்லுறது உங்களுக்குக் கேக்கவேணும்."